சாலையோரத்துக் கற்களும் நம்மவர் சரித்திரமும்

இந்நாட்டுத் தமிழ் மக்கள் வழித்தூரத்தைக் ‘கட்டை’ என்று எண்ணுவது நெடுநாள் வழக்கம். மைலுக்கு ஒரு கட்டை. கோலாலம்பூரிலிருந்து ஈப்போ சாலை வழியே வடக்கு நோக்கி வருவோர்க்குச் செலாயாங் எட்டாங் கட்டை. மலாய் மக்களோ அவ்வளவைப் ‘பத்து’ என்பர். பத்து என்றால் கல். நமது பத்துமலையின் பெயரில் நிற்கும் பத்தும் எண்ணன்று, இந்தக் கல்லே. மைல் கணக்குப் போய்க் கிலோமீட்டர் கணக்கு வந்த பின்னர், சாலைகள் அகன்றபோது பழைய மைற்கற்கள் பல பெயர்த்தெறியப்பட்டன. கல் போயும் கட்டை என்னும் சொல் முதியோர் நாவிலே நின்றுகொண்டிருக்கிறது.

தூரத்தைக் காட்டிய கற்களின் கதை இவ்வளவே. மனிதரைக் காட்டும் கற்களின் கதை வேறு. சாலையோரத்தில் யாருக்குக் கல் நாட்டினார்கள், யாருக்கு நாட்டாமல் விட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே சென்றால், எவருடைய உயிர் இந்நாட்டின் கணக்கில் ஏறியது, எவருடையது ஏறவில்லை என்பது ஒருவாறு விளங்கும். நாம் சரித்திரத்தை ஏட்டில் தேடுகிறோம். அது பாதி சாலையில் கிடக்கிறது.

செலாயாங்கை விட்டு அதே சாலையில் வடக்கே சென்று, ரவாங்கைக் கடந்து, கோலகுபு பாருவிலே மலைப்பாதை ஏறினால், பிரேசர் மலைக்குப் போகும் வழியில் ஓரிடத்தில் ஓர் அடையாளம் உண்டு. 1951 அக்டோபர் 6ஆம் நாள் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னி கம்யூனிஸ்டுப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட இடம் அது. ஒரு மனிதர் இறந்தார். இறந்த இடம் குறிக்கப்பட்டது. அதிலே குறை கூற ஒன்றுமில்லை. ஆனால் அம்மலை அடிவாரத்துக்குப் போகும் வழியிலேயே பத்தாங் காலி இருக்கிறது. 1948 டிசம்பர் 12ஆம் நாள், அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், ஆயுதமேதும் இல்லாத 24 சீனர்கள் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்னும் பிரிட்டிஷ் படைப்பிரிவினரால் கொல்லப்பட்டனர். மாண்டவரின் உறவினர் ஓயவில்லை. லண்டன் மாநகரின் உச்சநீதிமன்றம் வரை வழக்குக் கொண்டு சென்றார்கள். 2015ஆம் ஆண்டில் அவ்வழக்குத் தோற்றது. எனினும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அப்பெயர்களைக் கைவிடாது காத்த அம்மக்களின் உறுதியை நம்மவர் கவனிக்க வேண்டும்.

மனிதர் கிடக்கட்டும், மரத்துக்கும் இந்நாட்டில் பலகை உண்டு. 1876இல் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து எடுத்துச் சென்ற ரப்பர் விதைகள் லண்டனையடுத்த கியூ தோட்டத்தில் முளைவிட்டன. அவற்றின் நாற்றுக்களில் ஒன்பது, 1877இல் பேராக் மாநிலத்துக் கோலகங்சாருக்கு வந்து நடப்பெற்றன. அவற்றுள் ஒன்று இன்றும் அந்நகரில் நிற்கிறது. அதற்கு வேலியும் உண்டு, விளம்பரப் பலகையும் உண்டு. பயணிகள் அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். மரத்தைப் போற்றுவது நன்றே. அம்மரத்தின் வழித்தோன்றல்களை இருட்டோடு எழுந்து வெட்டிப் பாலெடுத்து, அந்தப் பாலிலே ஒரு நாட்டின் கருவூலத்தையே நிரப்பியவர்க்கு என்ன வைத்தார்கள் என்று கேட்டால் விடை சொல்வாரில்லை. தோட்டம் திறந்த துரைமாரின் பெயர் நிலப்படத்திலேயே ஏறியிருக்கிறது; கிள்ளானுக்குத் தெற்கேயுள்ள கேரித் தீவு அவ்வாறு ஒரு துரையின் பெயர் தாங்கியதே. காடழித்தவன், கொசுக்கடியில் மலேரியாவால் மாண்டவன், லயத்தில் பிள்ளை பெற்றுப் பிழைக்காது போனவள், இவர்கள் பெயர் தாங்கிய குறுக்குச் சந்து கூட இல்லை.

நம்மவர்க்குக் கல் நாட்டும் பழக்கமே இல்லாதிருந்தால் இதனை ஒரு குறையாகச் சொல்ல இடமில்லை. உலகிலே கல் நாட்டுதலை ஓர் ஒழுக்கமாகவே வகுத்த இனம் தமிழினம். தகுந்த கல்லைக் கண்டெடுப்பது முதல், அதனை நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரை தொல்காப்பியம் முறை சொல்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் வெளிப்பட்ட நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்தைத் தாங்கியவை. அவற்றுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆநிரைப் பூசலில் மாண்ட ஒருவனின் பெயரைச் சொல்கிறது. அவன் அரசனல்லன். மாடுகளுக்காக நடந்த சண்டையில் இறந்தவன், அவ்வளவே. ஆயினும் இரண்டாயிரம் ஆண்டளவாக அவன் பெயர் நிற்கிறது.

இன்னும் ஒன்று கேளுங்கள். திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உளது. கருந்தேவக்கத்தி என்பவன் கள்வரோடு பொருது மாண்டான். அவனோடிருந்த கோவிவன் என்னும் நாய் கள்வரைக் கடித்து அவனருகே நின்றது. ஊரார் அந்த நாயையும் கல்லிலே செதுக்கி, அதன் பெயரையும் பொறித்தார்கள்! நாய்க்குப் பெயர் எழுதிய இனத்தின் மக்கள் இங்கே ஆயிரக்கணக்கில் எழுத்தின்றிப் புதைந்து கிடக்கிறார்கள்.

தமிழ்நாட்டுச் சாலைகளில் மற்றொரு வகைக் கல்லும் உண்டு. அதுதான் சுமைதாங்கி. இரண்டு கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லைக் கிடத்தி, ஆள் உயரத்துக்கு அமைப்பர். கருவுற்ற நிலையில் மாண்ட பெண்ணின் நினைவாக அதனை எழுப்புவர். அவள் இறக்கி வைக்காத சுமை அதனால் இறங்கும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையை நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் தலைச்சுமையோடு வருபவன் பிறர் உதவியின்றி அதை இறக்கி வைத்து இளைப்பாறவும், மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் அக்கல் உதவிற்று. இறந்தவளின் பெயரால் இருப்பவனுக்கு ஓர் உபகாரம். உலகத்து நினைவுச் சின்னங்களிலே இதைவிட அறிவுள்ள ஒன்றை நாம் அறியோம். வெண்கலச் சிலைகளால் ஆவதென்ன? காக்கை உட்காரும்.

இப்பழக்கம் கெட்டது எவ்வாறு? கல்லைக் கடவுளாக்கியதாலேயே கெட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் நடுகற்களை வேடியப்பன் என்று பெயரிட்டு வணங்குகிறார்கள். மஞ்சளும் எண்ணெயும் ஏற ஏற எழுத்து மறைகிறது. மாண்டவன் பெயர் போய், எல்லாக் கல்லும் ஒரே சாமியாகிறது. மலாயாத் தோட்டங்களிலும் இதுவே நிகழ்ந்தது. மரத்தடியிலே ஒரு கல், அதற்குச் செந்தூரம், ஒரு சூலம், வருஷத்துக்கு ஒரு கிடா வெட்டு. நட்டவர் யார், எதற்காக நட்டார் என்று கேட்டால் ‘காவல் தெய்வம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கிள்ளானுக்கு வருவோம். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஐரோப்பாவில் யுத்தம், பிரிட்டனுக்கு ரப்பர் உயிர்நாடி, ரப்பர் விலை ஏறியது, கூலி ஏறவில்லை. அவர்களை ஒன்றுசேர்த்தவர்களுள் முதன்மையானவர் தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன். அவர்கள் கேட்டவற்றை ஒருமுறை படித்துப் பார்த்தால், அதிலே கூலி ஒரு பகுதியே என்பது தெரியும். சீனத் தொழிலாளர்க்கு நிகரான ஊதியம் கேட்டார்கள். கொடுமை செய்யும் துரைமாரை நீக்கக் கேட்டார்கள். பிள்ளைகளுக்குத் தக்க கல்வியும், நோய்க்குத் தக்க மருந்தும் கேட்டார்கள். பெண்களின் மானத்துக்கு மேலதிகாரிகளால் நேரும் இழிவு ஒழிய வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். குடிகாரன் என்று பிறர் ஏசும் தொழிலாளியே அதைக் கேட்டான் என்பதை மதுவிலக்குப் பேசுவோர் குறித்துக்கொள்க. உறவினர் வந்து பார்க்கும் உரிமையும், கூட்டம் கூடும் உரிமையும், சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டார்கள்.

இவற்றோடு மிதிவண்டியைப் பற்றியும் ஒரு கோரிக்கை வைத்தார்கள். தோட்டத்துச் சாலையில் துரையோ, கிராணியோ எதிர்ப்பட்டால், மிதிவண்டியில் வரும் தொழிலாளி கீழே இறங்கி நிற்க வேண்டும் என்பது அந்நாள் வழக்கம். தன் காசில் வாங்கிய வண்டி. நடப்பதோ வெறும் மண்சாலை. ஆனாலும் இறங்க வேண்டும். இறங்காமல் செல்லும் உரிமை வேண்டும் என்று எழுதிக் கேட்டார்கள். சுயமரியாதை என்னும் சொல்லுக்கு ஓர் உரை வேண்டுமாயின் இந்த ஒரு கோரிக்கை போதும். இதை எழுதுகிறவனும் தோட்டத்துக் கிராணி உத்தியோகம் பார்ப்பவனே. இன்று வண்டியை விட்டு இறங்குவாருமில்லை, இறங்கச் சொல்வாருமில்லை. ஆனால் அவ்வழக்கம் தானாகவே தேய்ந்து மறைந்தது என்று நினைப்போர் எம் உத்தியோகத்தாருள்ளேயே பலர் உளர். அஃது அவ்வாறு மறைந்ததன்று; கேட்டவர்கள் இருந்தார்கள்.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதானார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். அதனால் கிளர்ச்சி அடங்கவில்லை, பரவிற்று. அரசாங்கம் சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் பட்டாளத்தை இறக்கியது. துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் மாண்டனர், பலர் சிறைப்பட்டனர், பலர் கப்பலேற்றப்பட்டனர். கிள்ளானிலிருந்து பந்திங் வரையிலும், கோலசிலாங்கூர் வரையிலும் சாலைகளில் எத்தனையோ முறை சென்றிருக்கிறோம். அவர்கள் பெயர் சொல்லும் ஒரு கல்லை யாம் கண்டதில்லை.

ஏழு மாதங்கூடச் செல்லவில்லை. டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் இந்நாட்டில் இறங்கினர். தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டு, பர்மா வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுவதில் ஈடுபடுத்தப்பட்டனர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது; போட்டவர் பெருந்தொகையினர் அதற்குள் காலராவாலும் பட்டினியாலும் முடிந்துவிட்டனர். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்வீரர்க்கு ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக உள. வீரனுடைய பெயர், படை, வயது முதலியன கல்லில் காணலாம். ஆசியத் தொழிலாளர்க்கு அவ்வரிசையில் இடமில்லை. வேடிக்கை என்னவெனில், அவ்வூரில் இறந்தோர்க்கென்று முதன்முதலில் தமிழ் எழுத்தைக் கல்லில் ஏற்றியவர்கள் ஜப்பானியரே! 1944இல் ஜப்பானியப் படையினர் எழுப்பிய நினைவுத் தூணைச் சூழ்ந்த கல்வெட்டுக்களில், பிற மொழிகளோடு தமிழும் உண்டு. கொன்றவனுக்கு இருந்த அந்தச் சிறு உறுத்தல்கூட, ஆண்டு திரும்பி வந்த பிரிட்டனுக்கு இல்லை. நம்மவர் தம் கையால் அங்கே ஒரு நடுகல் நாட்டியது 2023ஆம் ஆண்டில்தான். எண்பது ஆண்டு தாமதமாயினும் நாட்டினார்களே என்று மகிழலாம்.

இனி நம் பிரிக்பீல்ட்ஸ். ரயில்வேத் தொழிலாளரால் உருவான பகுதி அது. அங்கே சாஞ்சி ஸ்தூபத்தின் தோரண வாயிலைப் போன்ற ஓர் அழகிய வளைவு நிற்கிறது. 2015 நவம்பரில் இரு நாட்டுப் பிரதமர்களும் திறந்து வைத்தார்கள். இரண்டு அரசாங்கங்களின் நட்பைக் காட்டும் சின்னம் அது, இருக்கட்டும். 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துக்கும் ஓடத் தொடங்கிய ரயிலின் தண்டவாளத்தைத் தோளில் சுமந்தவனைப் பற்றி அவ்வளைவு ஒன்றும் சொல்லாது. பொருளுக்குக் குறைவில்லை, கருத்துக்குத்தான் பஞ்சம் என்பதற்கு அது போதிய சான்று.

‘கல் நாட்டினால் கூலி உயருமா?’ என்று கேட்கும் தோழர்கள் உண்டு. உயராது. ஆனால் கூலி கேட்டவர் முன்னே இருந்தார்கள் என்பது தெரியாத பிள்ளை, தன் பாட்டன் வாயில்லாப் பூச்சியாய் வாழ்ந்து மறைந்தான் என்று எண்ணிக்கொண்டே வளர்வான். இப்போதே அவ்வாறுதான் வளர்கிறான். காலமும் இடங்கொடாது. சிலாங்கூரிலே தோட்டங்கள் வீடமைப்புக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. லயம் இடிகிறது, கோயில் பெயர்கிறது, சுடுகாடும் பெயர்கிறது. 1941ஐக் கண்ணால் கண்டவர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே இருப்பர். எஞ்சிய தோட்டங்களில் குலை வெட்டுவோர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும். அவர்களுக்கு அச்சாலையின் பழங்கதையை யார் சொல்வார்?

ஆதலின் கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையோரத்தில், பள்ளிப் பிள்ளைகள் நடமாடும் ஓரிடத்தில், ஒரே ஒரு கல் வேண்டும் என்கிறோம். பழைய நடுகல்லின் முறைப்படியே ஆண்டும், ஊரும், செய்கையும், ஆவணங்களில் கிடைக்கும் பெயர்களும் அதில் இருத்தல் வேண்டும். தமிழிலும் மலாயிலும் எழுதுக. கோரிக்கைகளை ஒன்று விடாமல் எழுதுக, மிதிவண்டிக் கோரிக்கை உட்பட. மழை மிகுந்த நாடாதலால் சாயம் பூசாமல் உளியால் ஆழ வெட்டுதல் நலம். எண்ணெய் பூசுவதையும் உண்டியல் வைப்பதையும் தடுக்கச் சுற்றுவட்டாரச் சங்கம் ஒன்று பொறுப்பேற்க வேண்டும். வடிவமோ, சுமைதாங்கியின் வடிவமாய் இருக்கட்டும். அதன் கீழ் இரண்டு மிதிவண்டிகள் சாத்தி வைக்க இடம் விட்டால் போதும்.