பழங் கைத்துப்பாக்கியின் குழல்

இன்றைய தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரும் கண்டமனூரும் பழைய மதுரை நாட்டுப் பாளையங்களாகும். 1801 டிசம்பர் முதல் நாளன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் விடுத்த அறிக்கை, தென்னாட்டுப் பாளையக்காரர் படைக்கலம் வைத்திருத்தலைத் தடுத்தது. ஆதலின், இவ்வட்டாரத்தில் அக்காலத் துப்பாக்கி ஒன்றேனும் எஞ்சிக் கிடைப்பின் அஃது அரிய சான்றாகும்.

அவ்வாறு கிடைப்பது குழலிழந்த படைக் கைத்துப்பாக்கியாயின், வேறு குழல் தேடிப் பொருத்தலாமோ எனின், ஆகாது என்பதே எம் முடிபு. குழலின்மேற் பொறித்த சோதனை முத்திரைகள் அது செய்யப்பட்ட இடத்தையும் காலத்தையும் அறியத் துணைபுரிவன. அயற்குழலோ பொய்ச்சான்று பகரும். மேலும், 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, செப்பனிட்டாலும் சுட இயலாத பழம் படைக்கலத்திற்கே விலக்களிக்கின்றது. சுடத்தக்க குழலைப் பொருத்தின் அவ்விலக்கு நீங்கும். குறையைக் குறையாகவே காத்தல் வரலாற்று நேர்மையாம்.