பனியைப் பற்றி ஒரு வார்த்தை

ஜப்பானிய மொழி வகுப்பில் நான் முதலில் கற்ற வாக்கியங்களில் ஒன்று, ‘ஈ தென்கி தெஸு நே’. வானம் நன்றாக இருக்கிறது, இல்லையா என்று பொருள். அந்த ‘நே’தான் அதன் உயிர். எதிரில் இருப்பவரையும் கைப்பிடித்து உட்கார வைக்கும், நம் ‘இல்ல?’ போல. வெறும் மரியாதைப் பேச்சு, பெண்கள் இதில் கெட்டிக்காரர்கள் என்றார் ஆசிரியர். வகுப்பு சிரித்தது. எனக்கு உறுத்தியது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஹெயன் அரண்மனையில் கனத்த பனி பெய்த ஒரு நாள். கதவுத் தட்டிகளை இறக்கிவிட்டுப் பணிப்பெண்கள் கணப்பைச் சுற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கோரோ சிகரத்தில் பனி எப்படி என்று பேரரசி தெய்ஷி கேட்கிறாள். செய் ஷோனகன் பதில் சொல்லவில்லை. தட்டியைத் திறக்கச் சொல்லி, மூங்கில் திரையை உயர்த்துகிறாள். பேரரசி சிரிக்கிறாள். சீனக் கவி பாய் ஜுயி அந்தச் சிகரத்தின் பனியைத் திரை உயர்த்திப் பார்த்தவர். சீனக் கல்வி ஆண்களுக்குரியது என்றிருந்த காலத்தில், இரண்டு பெண்கள் வானிலை விசாரிப்புக்குள் அதை ஒளித்து வைத்து விளையாடுகிறார்கள். (படிப்பைக் காட்டிக்கொள்கிறாள் என்று முராசாகி ஷிகிபு தன் நாட்குறிப்பில் அவளைச் சாடினாள். முராசாகியோ தனக்குச் சீனம் தெரிந்ததை மறைத்தவள்.) ‘செய்’ குலப்பெயரிலிருந்து வந்தது, ‘ஷோனகன்’ ஒரு பதவி. அவளுடைய சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை.

பதினான்காம் நூற்றாண்டுத் துறவி கென்கோவும் ஒரு பனிக் காலையைச் சொல்கிறார். ஒரு காரியத்துக்காகக் கடிதம் எழுதுகிறார், பனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பனியைக்கூட விசாரிக்காதவரின் வேண்டுகோளை எப்படிக் கேட்பது என்று பதில் வருகிறது. எழுதியவர் பெண் என்றே பலரும் வாசிக்கிறார்கள். அவர் இறந்த பிறகும் கென்கோவால் அதை மறக்க முடியவில்லை.

இந்தப் பேச்சை அரசு வெறும் பேச்சாக நினைக்கவில்லை. 1941 டிசம்பர் 8 அன்று வானிலை முன்னறிவிப்பு ராணுவ ரகசியமானது. 1945 ஆகஸ்ட் 22 வரை, நாளை மழையா என்பது மக்களுக்குச் சொல்லப்படவில்லை. 1942 ஆகஸ்டில் மேற்கு ஜப்பானைப் புயல் தாக்கியபோது கிடைத்த எச்சரிக்கை மிகக் குறைவு. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், காணாமல் போனார்கள்.

1954இல் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்த பின், ஜப்பானில் கதிரியக்க மழை பெய்தது. இந்த மழையில் பிள்ளை நனையலாமா, இந்த மீனை வாங்கலாமா? தோக்கியோவின் சுகினாமியில் இல்லத்தரசிகள் முன்னின்று கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். 1955 ஆகஸ்டுக்குள் நாடெங்கும் மூன்று கோடிக்கு மேல் சேர்ந்தன.

அதே ஆண்டுகளில் வானிலை ஆய்வுக்கூடத்தில் சாருஹாஷி கட்சுகோ அந்தக் கதிரியக்கத்தை அளந்துகொண்டிருந்தார். 1957இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். சிறுமியாக ஜன்னல் கண்ணாடியில் வழியும் துளிகளைப் பார்த்து, மழை ஏன் பெய்கிறது என்று யோசித்தவர்.