மதிலும் மதகும்

எசேக்கியேல் ஆகமத்தின் கடைசி ஒன்பது அதிகாரங்களை யாரும் விரும்பிப் படிப்பதில்லை. கொத்தனார் கணக்கு நோட்டுப் போல இருக்கும் அது. நிலை இத்தனை முழம், அறை இத்தனை கோல், இந்த வாசலுக்குப் படி ஏழு, அந்த வாசலுக்கு எட்டு. தரிசனம் என்றால் ஒளி, இடி, சிறகு என்று எதிர்பார்க்கிறவனுக்குக் கிடைப்பது ஒரு தரைப்படம். இதே மனிதர் முதல் அதிகாரத்தில் ஒளியையும் சிறகையும் வாரி வழங்கியவர். இங்கே மட்டும் கற்பனை வறண்டுவிட்டது என்றே பல வருஷங்கள் நினைத்திருந்தேன். அது தவறு என்று பட்டது பாகூர் ஏரிக்கரையில் வைத்துத்தான்.

எசேக்கியேல் குருக்கள் குடும்பத்தவர். கி.மு. 597இல் பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டு போகப்பட்டவர்களில் ஒருவர். பத்து வருஷம் கழித்து எருசலேமும் ஆலயமும் அழிந்தன. ஆலயம் இல்லாத குரு, வேலை போன மனிதர். சிறைப்பட்ட 25ஆம் ஆண்டில், கி.மு. 573 வாக்கில், அவருக்கு இந்தக் காட்சி. வெண்கல நிறத்தில் ஒரு மனிதன், கையில் நூல்கயிறும் அளவுகோலும். கோல் ஆறு முழம். அந்த முழமோ வழக்கமான முழத்தைவிடக் கையகலம் கூடுதல். மொத்தம் சுமார் 3 மீட்டர். நம் சோழர் கல்வெட்டுகளில் வரும் பதினாறு சாண் கோலை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகப் படாது. நிலத்துக்கும் தெய்வத்துக்கும் ஒரே கோல் போடுகிற மரபு நமக்கும் உண்டு.

இந்த அளவுகளுக்கு ஆன்மிகப் பொருள் சொன்னவர்களில் முக்கியமானவர் போப் முதலாம் கிரகோரி. 593 வாக்கில் லொம்பார்டியர் ரோமை நெருக்கிக்கொண்டிருந்தபோது அவர் மக்களுக்கு எசேக்கியேலை விளக்கினார். ஆறு முழம் செயல் வாழ்வு. மிஞ்சிய கையகலம் தியான வாழ்வு, இந்த உலகில் அதைக் கொஞ்சம் ருசி பார்க்கத்தான் முடியும் என்றார். வெளியே குறுகி உள்ளே அகலும் சாய்வு ஜன்னல்களைப் பற்றி, நுழைகிற வெளிச்சம் சிறிது, உள்ளே விரிவது பெரிது என்றார். அழகான வாசிப்புத்தான். ஆனால் ஊர் எரிந்துகொண்டிருக்கிறது. நாற்பதாம் அதிகாரத்தைத் தாண்டாமலே விளக்கம் நின்றுபோயிற்று. எனக்கு அந்த விளக்கங்களைவிட அவை நின்றுபோன இடம் அதிகம் சொல்கிறது.

உருவகம் அவசரப்படுகிறது என்பது என் எண்ணம். முதலில் கல்லைக் கல்லாகப் பார்க்க வேண்டும். பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, நீளமும் அகலமும் உண்டு. மதிலையும் பலிபீடத்தையும் போலச் சிலவற்றைத் தவிர உயரம் சொல்லப்படவில்லை. ஆகவே இது கட்டுவதற்கான படம் அல்ல. கட்டப்படவும் இல்லை, கி.மு. 515இல் முடிந்த இரண்டாம் ஆலயம் இதைப் பின்பற்றியதாகக் கிடையாது. இரண்டு, உள்ளே போகப் போகப் படி ஏறுகிறது, வாசல் குறுகுகிறது. கூடத்தின் வாசல் பத்து முழம். மகா பரிசுத்த ஸ்தலத்தின் வாசல் ஆறு. மூன்றாவதுதான் முக்கியம். இந்தப் படத்தை மக்களுக்குக் காட்டு, அவர்கள் வெட்கப்படட்டும் என்கிறது நாற்பத்துமூன்றாம் அதிகாரம். வெட்கப்பட்டால் மட்டும் மீதி விவரங்களைச் சொல். வெட்கத்தை நுழைவுக் கட்டணமாக வைக்கும் இன்னொரு கட்டடப் படத்தை நான் அறியேன்.

எதற்கு வெட்கம்? அரசர்கள் தங்கள் வாசல்நிலையைக் கடவுளின் வாசல்நிலைக்குப் பக்கத்தில் வைத்தார்கள், நடுவே ஒரு சுவர்தான் இருந்தது என்பது குற்றச்சாட்டு. புனிதத்தையும் பொதுவையும் பிரிக்கும் இந்தப் புதிய மதில், முதலில் அதிகாரத்துக்கு எதிராகவே எழுகிறது. ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே அது அந்நியனையும் வெளியே நிறுத்திவிடுகிறது. எந்த மதிலும் யாருக்கு எதிராக எழுந்ததோ அவரோடு நிற்பதில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சம்பாக் கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. மறுபக்கத்தார் முறையிட, 1745இல் அது இடிக்கப்பட்டது, சாதிக்காரர்கள் கொதித்தார்கள். மூன்று வருஷம் கழித்து, 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையைச் சாக்காக வைத்து, பக்கத்திலிருந்த வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. இரண்டையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1761இல் ஆங்கிலேயர் ஊரையே இடித்தபோது அந்தத் தேவாலயமும் போயிற்று. தன் உள்சுவரை இடித்து நியாயம் செய்தவர்கள், அண்டை வீட்டை இடித்து அநியாயமும் செய்தார்கள். கடப்பாறைக்கு வேதாகமம் தெரியாது.

உள்சுவர் ஒரேயடியாக இடிந்துவிட்டதா என்றால் இல்லை. எங்கள் பக்கத்துக் கிராமக் கோயில் ஒன்றில் என் பாட்டி கடைசிவரை இடதுபக்கக் கடைசியில்தான் உட்கார்ந்தாள். நடுவில் சுவர் இல்லை. ஏன் அங்கே என்று சிறுவயதில் கேட்டேன். "அங்கதாண்டா காத்து வரும்" என்றாள். அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது.

இனி நீர். ஆலயத்தின் வாசற்படிக்கு அடியிலிருந்து நீர் கசிந்து கிழக்கே ஓடுகிறது. கடவுள் நுழைந்த கிழக்கு வாசல் மனிதருக்கு நிரந்தரமாக அடைத்துவிட்டது, நீருக்கு அடைக்கவில்லை. இதைக் கண்டவர் பாபிலோனில் கேபார் என்ற கால்வாய்க் கரையில் வாழ்ந்தவர். மதகு தெரிந்தவர். பாகூர் ஏரிக்கரையில் நின்றால் அவர் பேச்சுப் புரிகிறது: கரை மதில் போல நிற்கிறது, அதற்கு அடியில் ஒரு கண் வழியாக நீர் வெளியேறுகிறது. கரை இல்லாவிட்டால் நீரே இல்லை; மதகு இல்லாவிட்டால் நீர் இருந்தும் பயனில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். எங்கள் ஆயக்கட்டில் மதகடியில் இடுப்பளவு ஓடும் நீர் வாய்க்காலில் முழங்கால் ஆகி, கடைமடையில் கணுக்கால்கூட நனையாது. கடைமடைக்காரன் யார் என்பதையும் பெரும்பாலும் சாதி தீர்மானித்திருக்கும். எசேக்கியேலின் நீர் தலைகீழ். ஆயிரம் முழத்தில் கணுக்கால், இரண்டாயிரத்தில் முழங்கால், மூவாயிரத்தில் இடுப்பு, நாலாயிரத்தில் நீந்தித்தான் கடக்க வேண்டும். உபநதி எதுவும் வந்து சேரவில்லை. கடைமடைக்குப் போகப் போகப் பெருகும் நீர். அளவுக்காரனின் வேலை அத்தோடு முடிந்தது. அதே அதிகாரத்தின் முடிவில், உங்களிடையே குடியிருக்கும் அந்நியனுக்கும் நிலத்தில் சம பங்கு என்று வருகிறது. மதில் வெளியே நிறுத்தியவனை நீர் போய்ச் சேர்த்துக்கொள்கிறது. அந்த மனிதர் நேர்மையானவர். சதுப்புகள் சில உப்பாகவே விடப்படும் என்பதையும் எழுதிவிடுகிறார்.

வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்கு முன்னால் நம் ஊர்ச் சிவன் கோயில்களில் போலப் படிகள் இறங்கும் ஒரு குளம் உண்டு. 1858இல் பெர்னதெத் கையால் தோண்டிய லூர்து ஊற்றின் நீரை ஆண்டுதோறும் இதில் கலப்பது வழக்கம். சாம்பிராணியோடும் மெழுகுவர்த்தியோடும் எல்லா மதத்தாரும் வருகிறார்கள். கோயிலுக்குள் யார் எங்கே உட்காருவது என்று ஒரு காலம் சண்டை போட்ட ஜனங்கள், படியில் இறங்கும்போது வரிசை பார்ப்பதில்லை. சென்ற முறை போனபோது அந்தப் படிகளை எண்ணத் தொடங்கினேன். கால் நனைந்ததும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.