பாரமும் பயணமும்: கார், வான் ஆகியவற்றின் சுமையிட அமைப்பு – ஒரு வரலாற்று நோக்கு

மனிதன் ஆக்கிய கருவி ஒவ்வொன்றும் அதனை வேண்டிநின்ற சமூகத்தின் தேவையைத் தன் உருவிலே தாங்கி நிற்கின்றது. மோட்டார் வாகனமும் இதற்கு விலக்கன்று. கார், வான் இரண்டும் நான்கு சில்லுகளில் ஓடுபவை. ஒரே எஞ்சினைக் கொண்டு ஆக்கப்படுவதும் உண்டு. ஆயினும், காரிலே பொருள்களுக்குரிய இடம் ஆசனங்களின் பின்னே ஒதுங்கிய சிற்றறையாகவும், வானிலே அதுவே வாகனத்தின் பெரும்பகுதியாகவும் அமைந்துள்ளது. இவ்வேறுபாடு தோன்றிய வரலாறு ஆராயற்பாலது.

தொடக்க காலத்தில் இவ்விரண்டுக்குமிடையே அடிப்படை வேறுபாடு இருக்கவில்லை. குதிரைவண்டி கட்டிய மரபையொட்டி, எஞ்சினும் சில்லுகளும் பொருத்திய இரும்புச் சட்டமே முதலில் ஆக்கப்பட்டது. அதன்மேல் ஆசனங்களை வைத்தால் கார். மரப்பெட்டியை வைத்தால் வான். 1908 இல் வெளிவந்த போர்ட் 'ரி' காரின் சட்டத்தின் மீது வணிகர் பலர் இவ்வாறே பெட்டிகளைக் கட்டுவித்தனர். ஆனால் ஆட்களுக்கென அமைந்த சட்டம் மிகுந்த பாரத்துக்கு ஏற்றதன்று. ஆகவே 1917 இல் நீளமும் வலுவும் கூடிய, ஒரு தொன் சுமக்கும் சட்டத்தை அக்கம்பனி தனியாக வெளியிட்டது. பிரிவின் முதற்படி இதுவெனலாம். காரிலோ, பயணப்பெட்டி பின்புறத்தே வாரினாற் கட்டப்பட்டு வந்தது. 1930களில் அப்பெட்டி உடலோடு ஒன்றிணைந்து, இலங்கையிலே 'டிக்கி' என வழங்கும் அறையாயிற்று. அமெரிக்க ஆங்கிலத்தில் அதற்கு இன்றும் பயணப்பெட்டியின் பெயரே வழங்குகின்றது.

இரண்டாவது திருப்பத்தை உடலமைப்பு ஏற்படுத்தியது. 1922 இல் லான்சியா லாம்டாவும், 1934 இல் சிற்றோயன் கம்பனியின் முன்சில்லு இழுக்கும் காரும் தனிச் சட்டத்தைக் கைவிட்டு, உடலையே பாரந்தாங்கும் கூடாக்கின. இத்தகைய கூட்டிலே அடித்தளம், தூண்கள், குறுக்குத் தகடுகள் என்பன ஒன்றையொன்று தாங்குகின்றன. பெரிய வாயிலொன்றை வெட்டினால் அதன் விறைப்புக் குன்றும். சிறு மூடியுடைய டிக்கி இவ்வமைப்புக்கு எளிதில் இயைந்தது. அகன்ற கதவும் தடையற்ற தளமும் வேண்டிய வான் அவ்வாறு இயையவில்லை. மொறிஸ் மைனர் இதற்குத் தக்க சான்றாகும். 1948 இல் வந்த அதன் கார் தனிச் சட்டமற்றது. 1953 இல் வந்த அதன் வானோ பழைய முறைப்படி சட்டத்தின் மீதே அமைந்தது.

எனினும் வான் காரின் நிழலாகவே நின்றுவிடவில்லை. இரண்டாம் உலகப் போரினால் நலிந்த ஐரோப்பாவில் சிறு வணிகரும் கைவினைஞரும் குறைந்த செலவிற் பொருள்களைக் கொண்டுசெல்ல வழி தேடினர். 1947 இல் பாரிஸிற் காட்சிக்கு வந்த சிற்றோயன் 'எச்' வான் இத்தேவைக்கு ஒரு விடை. முன்சில்லுகளே அதனை இழுத்தமையால் தளத்தின் கீழே சுழல்தண்டு வேண்டியிருக்கவில்லை. தளம் தாழ்ந்தது, ஒருவர் உள்ளே நிமிர்ந்து நின்று பாரம் அடுக்க முடிந்தது. நெளிவுத் தகடுகள் நிறையைக் கூட்டாது உடலுக்கு விறைப்பளித்தன.

அதே ஆண்டு ஏப்ரல் 23 ஆம் நாள், ஒல்லாந்து வணிகர் பென் பொன் தம் குறிப்பேட்டிற் பெட்டி வடிவிலான வாகனமொன்றை வரைந்தார். ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் தொழிற்சாலையில் உதிரிப்பாகங்களை ஏற்றித் திரிந்த தட்டுவண்டியே அவருக்கு அவ்வெண்ணத்தைத் தந்தது. சாரதி முன்னே, எஞ்சின் பின்னே, பாரம் இரண்டுக்கும் நடுவே. 1950 இல் உற்பத்தியான அவ்வான், காரிலிருந்து பெற்ற 25 பரிவலு எஞ்சினைக் கொண்டே ஏறத்தாழ 750 கிலோகிராம் சுமந்தது. பாரம் நடுவிலிருந்தமையால், ஏற்றினும் இறக்கினும் இரு அச்சுகளுக்குமிடையிலான பங்கீடு பெரிதும் மாறவில்லை. குறையும் இருந்தது: பின்புறத்தை எஞ்சின் அடைத்தமையாற் பக்கக் கதவின் வழியே பாரம் ஏற்றவேண்டியிருந்தது.

பொறியியலோடு சட்டமும் இவ்வேறுபாட்டை வளர்த்தது. போருக்குப் பிந்திய பிரித்தானியாவிற் காருக்குக் கொள்வனவு வரி விதிக்கப்பட்டது. சாரதிக்குப் பின்னாற் பக்க யன்னல் இல்லாத வானுக்கு அவ்வரி இருக்கவில்லை. 1960 இல் வந்த மினி வானை, வணிகத் தேவையில்லாதோரும் விலைமலிவு கருதி வாங்கினர். யன்னலற்ற அச்சுவர் பொருளின் தேவையை மட்டுமன்றி, அரசின் வரிக்கொள்கையையும் காட்டிநின்றது.

ஆகவே, காரின் அமைப்பு மனிதனிலிருந்து தொடங்குகின்றது. எஞ்சிய இடமே பொருளுக்குரியது. வானின் அமைப்பு பொருளிலிருந்து தொடங்குகின்றது. சாரதி அதன் ஓரத்திலே அமர்கின்றான். இவ்வெல்லை இறுக்கமானதன்று. 1961 இல் வந்த றெனோல்ட் 4 காருக்கு வானையொத்த பின்கதவைக் கொடுத்தது. வொக்ஸ்வாகனும் 1950 இலேயே கழற்றக்கூடிய ஆசனங்களை வானினுள் வைத்தது.

இலங்கையிற் பாடசாலை மாணவரையும் தொழிலாளரையும் நாள்தோறும் வான்கள் ஏற்றிச் செல்கின்றன. பொருளை முதன்மையாகக் கொண்டு பிறந்த இடத்தில் மனிதர் அமரும்போது, ஆசனத்தின் பிணைப்பு, யன்னலின் அளவு, வெளியேறும் வாயில் ஆகிய அனைத்தும் மீண்டும் சிந்திக்கப்படல் வேண்டும். பொருளுக்குப் போதுமான பெட்டி மனிதருக்குப் போதுமானதாகாது. வாகனத்தின் வடிவம் யாருக்காக அமைந்தது என்ற வினா, வரலாற்று மாணவருக்கு மட்டுமன்றி, அதனுள் அமர்ந்து செல்வோர் அனைவருக்கும் உரியதாகும்.