பூஜ்ஜியமும் காலியிடமும்: எழுத்தை எண்ணாக மாற்றிய கதை

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய முதல் உருப்படியான புரோகிராம், ஒரு மருந்து மொத்த வியாபாரியின் பழைய கணக்குகளைப் புது சிஸ்டத்தில் ஏற்றுவதற்கானது. எந்தக் கடைக்காரர் எவ்வளவு பாக்கி என்பது டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும். அதை எண்ணாக மாற்றிக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். சி மொழியில் எழுதினேன். ஓடியது, ஒரு எரர்கூட வரவில்லை. ரிப்போர்ட்டைப் பார்த்த கணக்குப்பிள்ளை பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "தம்பி, இவரு நமக்கு ஒண்ணேகால் லட்சம் தரணும். ஒரு ரூபாய்னு போட்டிருக்கே?"

ஃபைலில் இருந்தது 1,25,000. என் புரோகிராம் முதல் கமாவிலேயே நின்றுவிட்டது. இன்னும் சிலருக்கு பாக்கி 0 என்று வந்திருந்தது. அந்த இடங்களில் "விசாரிக்கவும்" என்ற அர்த்தத்தில் ஏதோ குறிப்பு இருந்தது, அல்லது ஒன்றுமே இல்லை. பெரியவர் சொன்னார்: "பாக்கி இல்லைன்னா நாங்க கோடு போடுவோம். தெரியலைன்னா காலியா விடுவோம். உங்க மிஷின் ரெண்டையும் ஒண்ணாக்கிடுச்சே."

அந்த ஒரு வாக்கியம் இருபது வருஷமாக என் மண்டையில் இருக்கிறது. பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, நான் செய்த தப்பு கம்ப்யூட்டர் மொழிகளின் வயது கொண்ட தப்பு என்று.

அட்டைகளின் காலம்

ஐபிஎம் 1957-ல் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழிக்கு டேட்டா வந்தது 80 பத்திகள் கொண்ட துளை அட்டைகளில். ஒரு எண்ணுக்கு ஐந்து பத்திகள் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். 12 என்ற எண்ணை அந்த ஐந்தில் வலது ஓரமாகத் துளைக்க வேண்டும். கை தவறி இடது ஓரமாகத் துளைத்துவிட்டால்? 1966-ம் ஆண்டு தரநிலைப்படி, எண்ணுக்கு முன்னால் உள்ள காலியிடம் பொருட்டல்ல, மற்ற காலியிடங்கள் எல்லாம் பூஜ்ஜியம். ஆக 12 என்பது 12000 ஆகிவிடும். எந்த எச்சரிக்கையும் கிடையாது.

ஃபோர்ட்ரான் 77 தரநிலையில்தான், காலியிடத்தை ஒதுக்கித் தள்ளுவதா, பூஜ்ஜியமாக எடுப்பதா என்று புரோகிராமரே சொல்ல வழி வந்தது. ஆனால் ஒன்று கவனியுங்கள். ஐந்து பத்திகளுமே காலி என்றால், ஒதுக்கித் தள்ளச் சொல்லியிருந்தாலும் மதிப்பு பூஜ்ஜியம்தான். நம்ம கணக்குப்பிள்ளை கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

சி மொழி: விடை வந்தது, சந்தேகம் வரவில்லை

நான் பயன்படுத்தியது 'ஏ-டு-ஐ' என்ற ஃபங்ஷன். ஆஸ்கி எழுத்துகளை முழு எண்ணாக மாற்றுவது என்பதன் சுருக்கம் அந்தப் பெயர். 1978-ல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய சி மொழிப் புத்தகத்திலேயே இது ஒரு உதாரணமாக வருகிறது. உள்ளே நடப்பது எளிது. ஆஸ்கியில் '0' என்ற எழுத்தின் குறியெண் 48, '7' என்பதற்கு 55. கழித்தால் 7. ஒவ்வொரு இலக்கத்துக்கும், இதுவரை வந்ததைப் பத்தால் பெருக்கிப் புதியதைக் கூட்ட வேண்டும். இலக்கம் அல்லாத எழுத்து வந்ததும் நிறுத்திவிட்டு, கையில் இருப்பதைக் கொடுத்துவிட வேண்டும்.

அழகான நாலு வரி. சிக்கல் என்னவென்றால், "முடியலை" என்று சொல்ல அதற்கு வாயே இல்லை. எண்ணே இல்லாத சொல்லைக் கொடுத்தால் 0. நிஜமான 0-ஐக் கொடுத்தாலும் 0. கொள்ளளவுக்கு மீறிய எண்ணைக் கொடுத்தால் என்ன வரும் என்று தரநிலையே உத்தரவாதம் தருவதில்லை. 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2147483647. 9-ல் தொடங்கும் நம்ம ஊர் பத்து இலக்க மொபைல் நம்பரே அதற்குள் அடங்காது.

1989-ல் வந்த சி தரநிலை இதற்கு மாற்றாக 'ஸ்ட்ரிங்-டு-லாங்' என்ற ஃபங்ஷனையும் வைத்தது. அது மதிப்பைத் தருவதோடு, எந்த எழுத்தில் நின்றேன் என்றும் சொல்லும். எண் எல்லை மீறினால் தனியாக எரர் குறி வைக்கும். "1,25,000" கொடுத்தால் 1 என்றுதான் சொல்லும், ஆனால் கமாவில் நின்றதையும் சேர்த்துச் சொல்லும். கேட்கிறவன் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். என் புரோகிராமை நான் எழுதியபோது அந்த வசதி வந்து பல வருஷம் ஆகியிருந்தது. நான்தான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் மாதம் காணாமல் போன கதை

ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு வகை. அதன் 'பார்ஸ்-இண்ட்' ஃபங்ஷன், முன்னால் பூஜ்ஜியம் இருந்தால் எட்டடிமான எண்ணாக எடுத்துக்கொள்ளலாம் என்று பழைய தரநிலை அனுமதித்தது. பல பிரவுசர்களும் அப்படியே செய்தன. விளைவு, தேதியில் 07 வரை ஒழுங்காக வரும். 08, 09 வந்தால் 0. எட்டடிமானத்தில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாதே! ஜூலை வரை நன்றாக ஓடிய புரோகிராம்கள் ஆகஸ்டில் படுத்தன, அக்டோபரில் தானாக எழுந்தன. சென்னையின் எஸ்டிடி கோடு 044-ஐக் கொடுத்தால் 36 வரும். 2009-ல் வந்த ஐந்தாம் பதிப்புத் தரநிலைதான் இந்த வழக்கத்தைத் தடுத்தது.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. எஸ்டிடி கோடு, மொபைல் நம்பர் எல்லாம் பார்க்க எண் மாதிரி இருக்கும், ஆனால் எண் அல்ல. கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால், எழுத்தாகவே விட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

"முடியலை" என்பதற்கு ஒரு இடம்

டாட்நெட் 2002-ல் வந்தபோது, முழு எண்ணாக மாற்ற முடியாவிட்டால் எக்ஸப்ஷன் எறியும். ஒருவர் தப்பாகத் தட்டுவது தினசரி நடப்பது, அதற்குப் போய் அபாயச் சங்கிலியை இழுப்பது போன்றது அது. 2005-ல் வந்த இரண்டாம் பதிப்பில் முழு எண்ணுக்கும் 'டிரை-பார்ஸ்' கிடைத்தது. முடிந்ததா இல்லையா என்பது ஒரு பதில், மதிப்பு இன்னொரு பதில். கோடும் காலியிடமும் ஒருவழியாகத் தனித்தனி ஆயின.

ஆனாலும் முதல் பதிலைப் பார்க்காமல் மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. தோற்றால் அந்த மதிப்பில் இருப்பது, வேறென்ன, 0!

நம்ம எண்களுக்கு என்ன நடக்கும்?

பழைய தமிழ் முறையில் எண் எழுத பூஜ்ஜியம் தேவைப்படவில்லை. 205 என்பது ௨௱௫. இரண்டு, நூறு, ஐந்து. தமிழ் பூஜ்ஜியத்துக்கு யூனிகோடில் இடம் கிடைத்ததே 2005-ல், 4.1 பதிப்பில்தான். யூனிகோட் ௧ முதல் ௯ வரையும் ௦-ஐயும் பதின்ம இலக்கங்களாக வைக்கிறது. ௰, ௱, ௲ மூன்றும் வேறு வகை எண்கள்.

பைதானில் ௨௦௫ என்று கொடுத்துப் பாருங்கள், சமர்த்தாக 205 தரும். ௨௱௫ கொடுத்தால் எரர். முதலில் எனக்குக் கோபம் வந்தது. யோசித்தால், அது நேர்மையான பதில். ௨ மட்டும் படித்துவிட்டு 2 என்று சொல்லியிருந்தால்தான் ஆபத்து. டாட்நெட்டில் வேறு வேடிக்கை: ௧ என்பது இலக்கமா என்று கேட்டால் ஆமாம் என்கும், எண்ணாக மாற்று என்றால் மாட்டேன் என்கும். இலக்கமா என்று சோதித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

கதை இன்னும் முடியவில்லை. 2011 தொடக்கத்தில், 2.2250738585072011-ஐப் பத்தின் -308 அடுக்கால் பெருக்கிய எண்ணைத் தட்டினால் 32 பிட் பிஎச்பி முடிவில்லாத சுழலில் மாட்டுவதை ரிக் ரீகன் வெளிப்படுத்தினார். சில வாரங்களில் ஜாவாவும் அதையொட்டிய ஒரு எண்ணில் மாட்டுவது தெரிந்தது. 2022-ல் பைதான், 4300 இலக்கத்துக்கு மேல் உள்ள எழுத்தை எண்ணாக மாற்ற மறுக்க ஆரம்பித்தது. மிக நீளமான எண்ணைக் கொடுத்தே சர்வரை மூச்சுத் திணற வைக்க முடியும் என்பதுதான் காரணம்.

இப்போது ஜூனியர்களின் கோடைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இங்க எண் வரலைன்னா என்ன ஆகும்?" "ஜீரோ ஆயிடும் சார்" என்று பதில் வந்தால், அந்தப் பெரியவர் கதையைச் சொல்கிறேன். பாக்கி இல்லை என்பது ஒரு தகவல். பாக்கி தெரியாது என்பது வேறு தகவல். அன்று அவர் கவனித்திருக்காவிட்டால், ஒரு மனிதரின் கடன் ஒண்ணேகால் லட்சத்திலிருந்து ஒரு ரூபாயாகக் குறைந்திருக்கும். அப்படி ஒன்று நடந்ததே யாருக்கும் தெரிந்திருக்காது.