கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைகள்

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனைகள் இரு வகைப்படும். எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களிடம் நோயின் முன்நிலையைத் தேடுவது ஸ்கிரீனிங் எனப்படும் முன்பரிசோதனை. அதில் சந்தேகம் எழுந்தவர்களுக்கும், அறிகுறி உள்ளவர்களுக்கும் நோய் உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது உறுதிப் பரிசோதனை. முன்னதில் ‘பாசிட்டிவ்’ என்றால் புற்றுநோய் என்று பொருளல்ல. இது தெரியாமல் பயந்துபோய் அடுத்த கட்டத்துக்கு வராமல் நின்றுவிடுபவர்கள் உண்டு.

நோய்க்குக் காரணம் எச்.பி.வி. வைரஸின் சில வகைகள். இதைக் கண்டறிந்ததற்காக ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சுர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். சென்னையில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஓர் ஆய்விலும் ஏறத்தாழ எல்லா நோயாளிகளிடமும் இந்த வைரஸ் காணப்பட்டது. பெரும்பாலான தொற்றுகள் ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே மறைந்துவிடும். தங்கிவிடும் தொற்று புற்றாக மாறப் பத்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். பரிசோதனைக்குக் கிடைக்கும் அவகாசம் அதுதான்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவிலியர் செய்வது வி.ஐ.ஏ. சோதனை. ஸ்பெகுலம் வைத்துக் கருப்பை வாயைத் தெரியச் செய்து, 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில் நனைத்த பஞ்சால் ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். மாறுபட்ட செல்கள் உள்ள இடம் விளிம்பு தெரியும்படி வெளுத்துக் காட்டும். சமையலறை வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான் இது. லுகால் அயோடின் தடவினால் இயல்பான பரப்பு கரும்பழுப்பாகும். மாறுபட்ட இடம் கடுகு மஞ்சளாகவே நிற்கும். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் வி.ஐ.ஏ.வை அவ்வளவாக நம்ப முடியாது.

பாப் ஸ்மியரில் சுரண்டியெடுத்த செல்கள் கண்ணாடித் தகட்டில் ஆய்வகத்துக்குப் போகும். முடிவு வரும்போது அந்தப் பெண் மறுபடி வர வேண்டும். எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையையே முதல் சோதனையாகக் கொள்ளும்படி உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. மாதிரியைப் பெண்ணே எடுத்துக் கொடுக்கலாம் என்பது இதன் பெரிய வசதி. கூச்சத்தால் வராதவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

செவிலியர் செய்யும் வி.ஐ.ஏ.வை நம்பலாமா என்ற கேள்விக்குத் தமிழ்நாடே விடை தந்திருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை மருத்துவமனையை மையமாகக் கொண்டு, 2000 முதல் 2003 வரை 30 முதல் 59 வயதுக்குட்பட்ட 31,343 பெண்களுக்கு வி.ஐ.ஏ. செய்யப்பட்டது. பாசிட்டிவ் ஆனவர்கள் 9.9 சதவீதம். தேவைப்பட்டவர்களுக்குச் செவிலியரே அங்கேயே உறையவைக்கும் கிரையோ சிகிச்சையும் தந்தனர். 2007இல் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி, சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தன. இதன் பின்னர் அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டம் நடத்தி, திட்டத்தை மாநிலம் முழுக்க விரித்தது.

உறுதிப் பரிசோதனையின் முதல் படி கால்போஸ்கோப்பி. கருப்பை வாயை உருப்பெருக்கிப் பார்த்து, சந்தேகமான இடத்தில் சில மில்லிமீட்டர் திசு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவார்கள். புற்றா, முன்நிலையா என்று முடிவாகச் சொல்வது பயாப்சி மட்டுமே. புற்று உறுதியானால் எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன்கள் அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டும்.

திட்டம் மாநிலம் முழுக்க விரிந்த பின்னும், உதாரணமாகச் சென்னையின் மேற்குப் புறநகரில், சிக்கல் இந்த இரண்டாம் கட்டத்தில்தான். 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்த அம்பத்தூருக்கு மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள். பூந்தமல்லியும், 2019இல் தனி மாநகராட்சியான ஆவடியும் திருவள்ளூர் மாவட்டத்தில். முதல் சோதனை வீட்டுக்கு அருகிலேயே முடிந்துவிடும். கால்போஸ்கோப்பிக்கோ கீழ்ப்பாக்கம், எழும்பூர், திருவள்ளூர் என்று பெரிய அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பெண்ணுக்கு அது ஒரு நாள் சம்பளம். இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ளவர்களுக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, அதற்கும் விடுப்பு வேண்டும். பார்த்த இடத்திலேயே சிகிச்சை என்ற திண்டுக்கல் முறையை இங்கே கொண்டுவராமல் முகாம்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவதில் பெரிய பயனில்லை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் கருப்பை வாய்ப் புற்றுநோய் முன்பரிசோதனை செய்துகொண்டவர்கள் 9.8 சதவீதம், இந்திய அளவில் 1.9. மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் பெருமைப்படலாம். ஆனால் பத்தில் ஒன்பது பேர் அப்போதும் வந்திருக்கவில்லை.

மத்திய அரசின் நெறிமுறைப்படி 30 வயது முதல் 65 வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை வி.ஐ.ஏ. போதும். மாதவிலக்கு நாட்களில் போக வேண்டாம். எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் வயது வந்ததும் சோதனை செய்துகொள்ள வேண்டும். உடலுறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் ஆகியவை உள்ளவர்கள் முகாமுக்குக் காத்திராமல் நேரே மகளிர் நல மருத்துவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும்.