சக்கர வீட்டில் ஒரு பிணம்

கொலைக் கதைக்கு உகந்த களம் எது என்று கேட்டால், இங்கிலாந்தின் பழைய மாளிகை என்றே நம் வாசக மனம் சொல்லும். வெளியே பனி, பாதை அடைபட்டிருக்கிறது, உள்ளே இருப்பவர்களில் ஒருவர் கொலையாளி. 1942-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க நாவல் இந்த மாளிகையைச் சிரித்தபடியே கைவிட்டு, பாலைவனத்துக்குக் குடிபெயர்ந்தது. நாவலின் பெயர் ‘மதர் ஃபைண்ட்ஸ் எ பாடி’. எழுதியவர் ஜிப்ஸி ரோஸ் லீ.

களம், டெக்ஸஸின் மேற்குக் கோடியில், ரியோ கிராண்டே நதிக்கரையிலுள்ள இஸ்லெட்டா. 1680-இல் நியூ மெக்ஸிகோவின் பூர்வகுடியினர் ஸ்பானியரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்ததைத் தொடர்ந்து தெற்கே வந்துசேர்ந்த டிகுவா மக்களின் ஊர் அது. பின்னாளில், 1955-இல், எல் பாசோ நகரத்தோடு இணைக்கப்பட்டது. அங்கே ஒரு ட்ரெய்லர் முகாமில், காரின் பின்னால் பூட்டி இழுத்துவந்த வீட்டில், புதுமணத் தம்பதியர் தேனிலவு கழிக்கின்றனர். தனியாக அல்ல. மணமகளின் தாய், மேடைத் தோழர்கள், நாய்கள், ஒரு குரங்கு என்று ஊரே உடன் வந்திருக்கிறது. போதாக்குறைக்குக் குளியல் தொட்டியில் ஒரு பிணம். அதைக் கண்டெடுக்கும் தாய், மகளின் தேனிலவு கெட்டுவிடக் கூடாதே என்பதுபோலத் தானே அதைப் புதைத்தும் விடுகிறாள். நாவலின் நகைச்சுவை இந்தத் தாயன்பில்தான் வேர் கொண்டிருக்கிறது.

ட்ரெய்லர் வாழ்க்கை அப்போது அமெரிக்கருக்குப் புதிதல்ல. 1919-இலேயே ஃப்ளோரிடாவின் டாம்பாவில் ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்ற சங்கம் தோன்றிவிட்டது. 1936-இல் ஏர்ஸ்ட்ரீமின் அலுமினிய ‘கிளிப்பர்’ வந்தது. இருபது ஆண்டுகளில் நாட்டினரில் பாதிப்பேர் ட்ரெய்லர்களில்தான் வசிப்பார்கள் என்று ரோஜர் பாப்சன் ஆரூடம் சொன்னதும் அந்தக் காலத்தில்தான். ஆரூடம் பொய்த்தது. ஆனால் அந்த மோகம் ஒரு புதுவகைச் சமூகத்தை உண்டாக்கியது. நம் பழைய சத்திரத்தைப் போல, ஒருவர் ஊர் பேர் இன்னொருவருக்குத் தெரியாது. சுவரோ தகரம், பக்கத்து வீட்டுப் பூசல் இங்கே கேட்கும். விடிந்தால் பக்கத்து வீடே இராது. மாளிகைக் கதையில் ஐயத்துக்குக் காரணம் யாரும் வெளியேற முடியாமை. இங்கே யாரும் எந்நேரமும் புறப்பட்டுவிடலாம் என்பதே காரணம். துப்பறியும் கதைக்கும் காதல் கேலிக்கும் இதைவிட வசதியான இடம் ஏது?

வரலாறு இந்நாவலோடு ஒரு விளையாட்டும் ஆடியது. அது வெளிவந்த 1942-இலேயே போரின் பொருட்டு டயருக்கும் பெட்ரோலுக்கும் பங்கீடு தொடங்கியது. ஊர்சுற்றும் ட்ரெய்லர்கள் ஆயுதத் தொழிற்சாலைப் பணியாளர்களின் குடியிருப்புகளாயின. நாவல் வருணித்த சோம்பேறித்தனமான பயணம், அச்சு மை உலர்வதற்குள் பழங்கதையாகிவிட்டது.

நம்மை உறுத்துவது வேறொன்று. லீ தம் நாளின் புகழ்பெற்ற பர்லெஸ்க் மேடைக் கலைஞர், ஆடை களையும் நடனத்துக்குப் பெயர்போனவர். அப்படிப்பட்டவர் எழுதவும் செய்வார் என்று பலரால் நம்ப இயலவில்லை. 1941-இல் வந்த அவருடைய முதல் நாவலான ‘தி ஜி-ஸ்ட்ரிங் மர்டர்ஸ்’, அடுத்து வந்த இது, இரண்டையுமே கிரெய்க் ரைஸ் எழுதிக் கொடுத்தார் என்ற பேச்சு பல பத்தாண்டுகள் நிலைத்திருந்தது. ரைஸ், கொலையையும் கோமாளித்தனத்தையும் கலப்பதில் தேர்ந்தவர். 1946-இல் ‘டைம்’ இதழின் அட்டையில் இடம்பெற்றவர். ஆகவே வதந்தி பொருத்தமாகவே தோன்றியது. ஆனால் எழுதும் நாட்களில் லீ பதிப்பகத்தாரோடு பரிமாறிக்கொண்ட கடிதங்கள் வேறு கதை சொல்கின்றன. கதைப் போக்கைப் பற்றிக் கவலைப்படுகிற, திருத்துகிற, தம் கிண்டலைத் தாமே ரசிக்கிற ஓர் எழுத்தாளரை அவற்றில் காண்கிறோம். புரூக்ளினில் 7, மிடா தெரு வீட்டில் ஆடனும் கார்சன் மெக்கல்லர்ஸும் குடியிருந்த காலத்தில் லீயும் அங்கே வசித்தார். பத்திரிகை ஆசிரியர் ஜார்ஜ் டேவிஸ் முதல் நாவலுக்கு உதவினார். உதவி பெறாத எழுத்தாளர் யார்? அதே உதவியை ஓர் ஆண் பெற்றிருந்தால் அதை நட்பு என்றிருப்போம்.

நாவலை இன்று வாசிக்கையில் கொலையாளி யார் என்பது இரண்டாம்பட்சமாகிறது. தாய்தான் மனத்தில் நிற்கிறாள். லீயின் நிஜத் தாய் ரோஸ் ஹோவிக், இரு மகள்களையும் சிறுவயதிலேயே வாட்வில் மேடையில் ஏற்றியவர். 1954-இல் அவர் இறந்த பின்னரே, 1957-இல், லீயின் தன்வரலாறு வெளிவந்தது. அது 1959-இல் புகழ்பெற்ற இசை நாடகமாயிற்று. ஆக, தாய் உயிரோடிருந்த வரை நேராகச் சொல்லாமல் வைத்திருந்த பலவற்றை, பதினைந்தாண்டுகள் முன்னதாகவே, பாலைவனத்தில் ஒரு சக்கர வீட்டில் நிறுத்தி, வேடிக்கையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார் மகள். அந்தச் சிரிப்பில் அச்சமும் உண்டு, பாசமும் உண்டு. இரண்டையும் பிரித்தெடுக்க எந்தத் துப்பறிவாளராலும் ஆகாது.